முதுகு விற்ற நாள்

எங்கள் வீட்டுக்காரரின் முதுகை நான் ஒரே நாளில் பதினேழு தரம் விற்றேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டார்.

இதை இப்படி ஒற்றை வரியில் சொன்னால் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் படம் கீறுகிறவள். ஐந்தாம் வகுப்புவரை பள்ளிக்கூடம் போனேன். அதில் பாதி நாள் கொப்பியின் ஓரத்தில் ஆட்டுக்குட்டி கீறியே போய்விட்டது. குர்ஆன் ஓதப் போன இடத்தில் அந்தக் கொப்பியை ஓதித்தருகிற லெப்பை கண்டுவிட்டார். "உயிருள்ளதுக்கு முகம் கீறினா, மறுமையில அதுக்கு உயிரக் குடு எண்டு கேப்பாங்க புள்ள" என்றார். எனக்கு அப்போது எட்டு வயது. இரண்டு நாள் பயத்தில் எதையும் கீறவில்லை. மூன்றாம் நாள் ஆட்டை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். வாலும் பின்னங்காலும் மட்டும்தான் தெரிந்தன. முகமில்லாத ஆட்டுக்கு உயிர் கேட்க மாட்டார்கள் என்று எனக்கு நானே தீர்ப்பு எடுத்துக்கொண்டேன். அந்தத் தீர்ப்பு சரியா பிழையா என்று இன்றுவரை எந்த ஆலிமிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

இப்போது எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னும் என் படத்தில் ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. மீன் பெட்டி கட்டிய சைக்கிளை உருட்டிப்போகிறவர், பஸ்ஸில் முன்சீற்றில் தூங்கி விழுகிறவர், கடலைப் பார்த்துக் குந்தியிருக்கிறவர் எல்லாரும் பின்பக்கம்தான். சலாம் சொல்லிச் சிரிக்கும்போது எல்லாரும் ஒரே மாதிரித்தான் இருக்கிறார்கள். திரும்பி நாலு எட்டு வைத்த பிறகுதான் அவரவர் நடைக்கு வருகிறார்கள். எனக்கு வேண்டியது அந்த நாலு எட்டுக்குப் பிறகு. கறுப்புப் பேனையும் பழைய கலண்டர் தாளும் இருந்தால் போதும். கலண்டரின் பின்பக்கம் நல்ல வெள்ளை.

வீட்டின் முன்பக்கம் ஒரு சின்ன அறை இருக்கிறது. என் இளைய மகள் அதில்தான் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தாள். கடை கல்முனை மெயின் ரோட்டுக்குப் போனதும் அறை எனக்கு வந்தது. ஒரு மேசை, ஒரு கதிரை, ரோட்டைப் பார்த்த ஒரு ஜன்னல். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், கதவுக்கு உள்பக்கம் ஒரு கொண்டி. ஆறு பிள்ளைகளை வளர்த்த வீட்டில், உள்ளே இருந்து கொண்டி போட்டுக்கொண்டு நான் தனியாக இருந்தது அந்த ஓர் இடத்தில்தான்.

எங்கள் வீட்டுக்காரருக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல். அந்தப் போகம் வெள்ளாமை நன்றாக விளைந்திருந்தது. அறுவடைக்கு முன்னமே அவர் அறை வாசலில் நின்று உள்ளே அளந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"நெல்லு மூட்டய இஞ்சதான் அடுக்கோணும்" என்றார்.

"கட்டிலுக்குக் கீழ அடுக்குங்களன்."

"கட்டிலுக்குக் கீழயும் உன்ட படம்தான் கிடக்கு."

அது உண்மைதான்.

"கடுதாசிக்கு அறை, நெல்லுக்கு வெளிவாசலா? ஆருக்கும் சொன்னாச் சிரிப்பாங்க" என்று சொல்லிவிட்டுத் தொழப் பள்ளிக்குப் போனார்.

அந்தக் கிழமைதான் மகள் வந்து புதுக் கதை ஒன்று சொன்னாள்.

"உம்மா, கலியாண மண்டபத்தில கொன்வென்ஷன் ஒண்டு வெக்காங்க. ஜப்பான் காட்டூன் பாக்கிற புள்ளைகள் எல்லாம் வேஷம் போட்டுட்டு வருவாங்க. படம் விக்கிற ஆக்களுக்கு மேச குடுக்காங்க. உங்கட பேருக்கு ஒண்டு எடுத்திரிக்கன்."

"என்ட பேருக்கா? காட்டூன் பாக்கிறவங்க என்ட மீன்காரரையா வாங்கப் போறாங்க?"

"என்ட கடையில போஸ்டர் அடிக்க வாறவங்கதான் உங்கட படத்தச் செவத்தில கண்டுட்டுக் கேட்டாங்க. வாங்கும்மா, இருந்து பாப்பம்."

வீட்டுக்காரர் தேத்தண்ணிக் கோப்பையோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த இடத்தில்தான் வாயைத் திறந்தார்.

"சரி. போங்க. கொண்டுபோற பெட்டி வெறும்பெட்டியாத் திரும்பி வந்தா அந்த அறை உனக்கு. இனி வாயே திறக்கமாட்டன். ஒரு கடுதாசி மிஞ்சினாலும் மறுநாள் மூட்ட உள்ளுக்கு வரும்."

மார்க்கத்தில் பந்தயம் பிடிப்பது கூடாது. ஆகவே இதை நாங்கள் பந்தயம் என்று சொல்லவில்லை. பேச்சு என்றோம்.

மகள் ஒரு பால்மாப் பெட்டி நிறையப் படங்களைச் சேர்த்தாள். பாதி நான் கலண்டர் தாளில் கீறியவை. மீதி அவள் தடித்த தாளில் அடித்தெடுத்த கொப்பிகள். வீட்டுக்காரர் மேலுக்குச் சேட்டில்லாமல், சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியைச் சைக்கிளில் வைத்து வயலுக்குப் போகிற படத்தை மட்டும் பதினேழு கொப்பி அடித்திருந்தாள்.

"இதென்ன இவ்வளவு?" என்றேன்.

"வாப்பாட முதுகு நல்லா வந்திரிக்கும்மா."

"ஓம். முன்னுக்கவிட முதுகு நல்லம்தான்."

கொன்வென்ஷன் அன்றைக்கு நான் கலியாணத்துக்கு உடுக்கிற சாரியை உடுத்து, மேலே அபாயாவும் போட்டுக்கொண்டு போனேன். மண்டபம் என்றால் எனக்குக் கலியாணம்தான் தெரியும். கால் தானாகவே பின்னால் உள்ள பெண்கள் வாசலுக்குப் போனது. கதவைத் திறந்தேன். உள்ளே வேஷம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். தலையில் இரண்டு கொம்பு வைத்த ஒருத்தி, கொம்பு சுவரில் இடிபடாமல் குனிந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ரோல்ஸை இறக்கிவிட்டு, "அஸ்ஸலாமு அலைக்கும் மூத்தம்மா" என்றாள். கொம்பு முளைத்தாலும் நல்ல வளர்ப்பு.

பெண் மாப்பிள்ளை இருக்கிற மேடையில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். காட்போட் வாளோடும் வெள்ளை முடியோடும் சிவப்பு முடியோடும் ஒரே பிள்ளைக் கூட்டம். ஸ்காஃபுக்கு மேலேயே பொய்முடி வைத்துக்கொண்டு வந்த கெட்டிக்காரிகளும் இருந்தார்கள். என் மேசைக்குப் பக்கத்து மேசையில் காரைதீவிலிருந்து வந்த ஒரு பிள்ளை. அவளும் படம் கீறுகிறவள். அவள் மேசையில் முழுக்க முகம், முகம் முழுக்கக் கண். ஒவ்வொரு கண்ணும் தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற பீரிஸ் அளவு.

அவள் என் படங்களை எட்டிப் பார்த்தாள். "அம்மா, நீங்க ஒருத்தருக்கும் முகம் கீறமாட்டீங்களா?"

"இல்ல மகள். நீங்க ஒருத்தருக்கும் உடம்பு கீறமாட்டீங்க போல?"

"எனக்குக் கை கால் வராதம்மா. அதான் எல்லாரையும் கழுத்தோட நிப்பாட்டிருவன்."

"அப்ப உங்கட தலையையும் என்ட உடம்பையும் ஒட்டினா ஒரு முழு ஆள் வரும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தலை முதுகுப் பக்கம் திரும்பியெல்லா இருக்கும்!"

"இஞ்ச வந்திரிக்கிற ஆக்களப் பாத்தா, அதுவும் விலப்படும்" என்றேன்.

விலைப்பட்டது அவளுக்குத்தான். அவள் மேசையில் பிள்ளைகள் முட்டி மோதினார்கள். என் மேசைக்கு வந்தவர்களும் குறைவில்லை. ஒருத்தி சாப்பாட்டு டோக்கன் இங்கேயா என்று கேட்டாள். ஒருவன் தன் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான். இன்னொருத்தி கலண்டர் தாள் ஒன்றைத் தூக்கிப் பின்னால் திருப்பினாள். முகம் அந்தப் பக்கம் இருக்கும் என்று நினைத்திருப்பாள். அங்கே மார்ச் மாதம் இருந்தது. பத்திரமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

லுஹர் தொழுது, சோற்றுப் பார்சலும் சாப்பிட்டு முடிந்தது. பெட்டியில் ஒரு தாள் குறையவில்லை. என் கண்ணுக்குள் நெல் மூட்டை வரிசையாக அறைக்குள் நடந்து போனது. கடைசி மூட்டை கொண்டியையும் போட்டுக்கொண்டது.

"உம்மா, வாற ஆக்களக் கொஞ்சம் கூப்பிடுங்களன்" என்றாள் மகள்.

"சூரை மீனா விக்கன், கூவி விக்க?"

கையைச் சும்மா வைத்திருக்க எனக்குத் தெரியாது. பேனையை எடுத்தேன். எனக்கு முன்னால், பக்கத்து மேசையைப் பார்த்தபடி, நீல முடி வைத்த ஒரு குமர்ப்பிள்ளை நெடுநேரம் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவள் முதுகு எனக்கு நேராக இருந்தது. கீறத் தொடங்கினேன்.

முன்பக்கம் அவள் ஒரு அரசகுமாரி. வெள்ளித்தாள் கவசம், பொன் நிறக் கரை, நெஞ்சில் மினுங்குகிற கல். பின்பக்கம் வேறு உலகம். அவள் தோளிலிருந்து தொங்கிய அந்த நீல அங்கி, வீட்டு ஜன்னல் திரைச்சீலை. மேல் ஓரத்தில் திரை மாட்டுகிற கொளுக்கிகள் இன்னும் கழற்றாமல் வரிசையாக நின்றன. இடுப்பில் பதினொரு சட்டைப்பின். கவசத்தைக் கட்டியிருந்தது பள்ளிக்கூடச் சப்பாத்தின் வெள்ளை லேஸ். எனக்கு எதையும் விட்டுவிட்டுக் கீறப் பழக்கமில்லை. கொளுக்கியையும் பின்னையும் ஒன்றுவிடாமல் கீறினேன்.

அவள் திரும்பினாள். தாளைக் கண்டாள். முகம் கறுத்துவிட்டது.

"அல்லாவே! என்ன மூத்தம்மா இது? முன்னுக்கு மூணு மாசமாத் தைச்சன். நீங்க பின்னுக்கப் போய்க் கீறியிரிக்கீங்களே!"

ஒரு குமர்ப்பிள்ளையின் குறையை எழுதி மேசையில் வைத்துவிட்டேனே என்று வெட்கமாகிவிட்டது.

"கிழிச்சிருவம் மனே. கோவிக்காதீங்க. நீங்க எனக்குக் காட்டினது அந்தப் பக்கம்தானே."

தாளைக் கையில் எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு பின்னாக எண்ணினாள்.

"இது உம்மா குத்தின பின்" என்றாள். "விடிய எழும்பித் திட்டித் திட்டிக் குத்தினா. எங்கட திரைச்சீலையக் கெடுத்துட்டாய், கெடுத்துட்டாய் எண்டு… ஓம், இந்தக் கோணப் பின், இது உம்மாடதான்." பிறகு மண்டபமே திரும்பிப் பார்க்கச் சிரித்தாள். "கிழிக்காதீங்க! உம்மாக்குக் காட்டோணும்!"

படத்தை வாங்கிக்கொண்டு ஓடினாள். ஓடியவள் கொம்புக்காரியோடும் வாள்காரர்களோடும் திரும்பி வந்தாள். எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

"என்ட பின்னையும் கீறுங்க மூத்தம்மா!"

"எனக்குப் பின் இல்ல. நான் டேப்பால ஒட்டின."

"அப்ப டேப்பையும் கீறுவன். அங்கால கிறுகுங்க மனே, ஆடாம நில்லுங்க."

நான் ஒருவரைக் கீறும்போது வரிசையில் நின்றவர்களுக்கு வேலை இல்லை. பெட்டியைக் கிளறத் தொடங்கினார்கள். அப்போதுதான் விளையாட்டுத் தொடங்கியது. இந்தப் பிள்ளைகள் காட்டூன்காரர்களை முடியைப் பார்த்தே ஆள் சொல்லிப் பழகியவர்கள். முகம் அவர்களுக்குத் தேவையே இல்லை.

"டேய், இது எங்கட ரோட்டால வாற மீன்காரர்ரா! அந்தத் தோளச் சரிக்கிறதப் பாரன்!"

"இது அக்கரைப்பற்று பஸ் கண்டக்டர். காதுல பேனை!"

ஆளைக் கண்டுபிடித்தவர்கள் ஆளை விட்டுவிட்டுப் போகவில்லை. வாங்கிக்கொண்டு போனார்கள். மகள் பை போட்டுக் கொடுத்துக் களைத்தாள். காரைதீவுப் பிள்ளையும் தன் மேசையை விட்டு வந்து அவளுக்குக் கைகொடுத்தாள்.

சைக்கிளில் வயலுக்குப் போகிற கிழவருடைய படத்துக்கு மட்டும் சண்டையே வந்தது.

"இது எங்கட மூத்தாப்பா" என்றாள் கொம்புக்காரி.

"போ கா, எங்கடவரு. எங்கட மூத்தாப்பாதான் இப்பிடிச் சாறனக் கட்டுற."

தம்பிலுவிலிலிருந்து வந்த ஒரு வாள்காரன் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். "எங்கட அம்மப்பாவும் இப்பிடித்தான் போவாரு" என்றான். அவர் இப்போது இல்லையாம். இரண்டு கொப்பி வாங்கினான். ஒன்று அம்மாவுக்கு.

அது ஆருடைய முதுகு என்று என்னிடமும் கேட்டார்கள். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" என்றேன். பொய் இல்லை. ஐம்பது வருஷத்துக்குக் கிட்டத் தெரியும்.

அஸர் தொழுகை முடிந்த கையோடு அந்தத் தெரிந்த ஒருத்தரே வந்து நின்றார். கலியாணத்துக்குப் போடுகிற சேட்டு, தொப்பி, அத்தர் மணம். "உங்களக் கூட்டிப் போவம் எண்டு வந்தன்" என்றார். கண் நேரே பெட்டிக்குப் போனது. குனிந்து பார்த்தார். அடியில் ஒரே ஒரு தாள் கிடந்தது. நான் முதன்முதல் கலண்டர் தாளில் கீறிய சைக்கிள் படம். அதில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம் ஒன்று இருந்ததால் யாரும் எடுக்கவில்லை. பதினேழு கொப்பியும் போய்விட்டன.

"ஒண்டு மிஞ்சிரிக்கு" என்றார். குரலில் சந்தோஷம் அடக்க முடியவில்லை. "நாளக்கி மூட்ட வரும்."

"பேச்சுப் பேச்சுத்தான்" என்றேன்.

அவர் தாளை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது ஆரு இந்தக் கிழவன்? முதுகெல்லாம் வளஞ்சி, எலும்பு எண்ணலாம் போலக் கிடக்கு. பாவம். வயசுபோன காலத்தில இவன வயலுக்கு அனுப்பியிரிக்காங்களே."

"பொஞ்சாதி சரியில்ல போல" என்றேன்.

"ஓம், ஓம். அப்பிடித்தான் இரிக்கும்."

மகள் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டாள். காரைதீவுப் பிள்ளை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் ஒன்றையும் கவனிக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சைக்கிள்ட கெரியர் பச்சக் கயித்தால கட்டியிரிக்கே" என்றார். படத்தில் கறுப்புப் பேனைதான். பச்சை என்பது அவர் வாயிலிருந்து தானாக வந்தது. "இது என்ட சைக்கிளெலுவா?"

"ஆருக்காச்சும் இரவல் குடுத்தீங்களா?"

"நான் ஆருக்கும் சைக்கிள் குடுக்கிறல்ல."

ஒரு கையில் படம். மற்றக் கை மெதுவாகப் பின்னால் போய், சேட்டுக்கு மேலால் முதுகைத் தடவிப் பார்த்தது. கண்ணாடியில் தாடி வெள்ளையாகிற வரைக்கும் பார்த்திருக்கிறார். இந்தப் பக்கத்தை அவருக்கு யாரும் காட்டவில்லை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து நீல முடிக்காரி வந்தாள். அவர் நிற்கிற நிலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மூத்தாப்பா, ஒருக்கா அங்கால கிறுகுங்களன்."

சேட்டில் ஏதோ ஒட்டியிருக்கிறதாக்கும் என்று அவர் திரும்பினார்.

"இவர்தான்! சைக்கிள் மூத்தாப்பா இவர்தான்!"

கொம்பும் வாளுமாக எல்லாரும் ஓடி வந்து சுற்றிவிட்டார்கள். கை தட்டினார்கள். போன் எடுத்துப் படம் பிடித்தார்கள், எல்லாரும் பின்னால் நின்று. அவர் மேடைத் திரையைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். அவர் இவ்வளவு நிமிர்ந்து நின்றதை எங்கள் நிக்காஹ் நாளிலும் நான் காணவில்லை.

"மூத்தாப்பா, அந்தக் கடைசிப் படத்த எனக்குத் தாங்க" என்றாள் நீல முடிக்காரி. "கறை இருந்தாலும் பரவாயில்ல."

"இது விக்கிறதுக்கில்ல" என்றார்.

"அப்ப மிஞ்சிட்டு" என்றேன் நான். "மூட்ட வரட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பால்மாப் பெட்டியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

"வெறும்பெட்டி" என்றார்.

"கக்கத்தில இரிக்கே."

"நான் பெட்டியத்தான் சொன்ன. கக்கத்தச் சொல்லல்ல."

வெளியே வரும்போது, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "சேட்டாவது போட்டுட்டு வித்திரிக்கலாமே."

நெல் வந்தது. மூட்டைகள் இப்போது எங்கள் வீட்டு விறாந்தையில் டீவிக்கு இரண்டு பக்கமும் நிற்கின்றன. அவருடைய கூட்டாளிகள் வந்தால் அதன் மேல்தான் குந்தியிருந்து செய்தி பார்க்கிறார்கள். அந்தப் படத்தை அவரே ஆணி அடித்துத் தொங்கவிட்டார். ஆனால் கலண்டர் பக்கம் வெளியே, முதுகு சுவர்ப் பக்கம். எங்கள் வீட்டில் வருஷம் முழுக்க நவம்பர். இதென்ன பழைய மாதம் என்று யாராவது கேட்டால், "அது அவட அலுவல்" என்று என்னைக் காட்டிவிடுகிறார்.

வயலுக்குச் சேட்டு போட்டுக்கொண்டு போகத் தொடங்கியிருக்கிறார். காலையில் நான் அறையில் கொண்டி போட்டுக்கொண்டு ஜன்னலடியில் இருப்பது அவருக்குத் தெரியும். கேற்றடியில் சைக்கிளில் ஏறியதும் ஒரு தரம் நிமிர்கிறார். நான் பேனையை எடுப்பதில்லை. ரோட்டு முடக்கு வரைக்கும் பொறுத்திருப்பேன். அங்கே போனதும் நிமிர்ந்ததை மறந்துவிடுவார்.